மூடி வைத்த கால்

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஸ்கூட்டரோடு சேர்த்து இழுத்துப் போனபோது புவனேஸ்வரிக்கு இருபத்தாறு வயது. வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணமும் அதோடு போனது. மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார்கள். அதன்பிறகு அவர்கள் போனை எடுக்கவே இல்லை.

அப்பா இல்லாத வீடு. அம்மா பெரியம்மாள் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் பெரம்பலூர் டவுனுக்குக் குடிவந்துவிட்டாள். இங்கே யாருக்கும் விபத்து தெரியாது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு புவனேஸ்வரி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்க ஆரம்பித்தாள். காலையில் போர்வைக்குள்ளேயே அதை மாட்டிவிடுவாள். விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவாள். குளிக்கும்போதுகூட வெட்டுப்பட்ட முனைமேல் துண்டைப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவாள். துணி கொடுக்க வருகிற பெண்கள், "என்னம்மா காலைச் சாய்ச்சு நடக்குற?" என்று கேட்டால், "முட்டிவலிக்கா" என்பாள்.

தங்கை சுகன்யாவுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை பரணிதரன். முந்திரித் தோப்பு வைத்திருக்கிற குடும்பம்.

"மூத்தவ கல்யாணம் ஆகாம இருக்கான்னாலே ஆயிரம் கேள்வி கேப்பாங்க. காலும் இல்லன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றாள் பெரியம்மாள். "மூலையில உக்காந்துடாதடி. நடமாடிக்கிட்டே இரு. கல்யாணம் முடியட்டும்."

புவனேஸ்வரிக்குக் கோபம் வரவில்லை. அம்மா சொல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் செய்திருப்பாள்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலிருந்து நின்றுகொண்டே காபி கொடுத்தாள், இலை போட்டாள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குப் பூ எடுத்துக் கொடுத்தாள். இரவு செயற்கைக் காலைக் கழற்றியபோது தோல் கொப்பளித்திருந்தது. பஞ்சை வைத்து, காலுக்குள் மாட்டுகிற துணி உறைக்கு மேலே இன்னொரு உறையை இழுத்துவிட்டாள். கொப்பளம் உடைந்து புண்ணானது. புண்ணைப் பார்க்காமலே மருந்து தடவினாள். கால் செய்து கொடுத்த இடத்தில், தோல் சிவந்தாலே கழற்றிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் பத்திரிகை கொடுக்கப் போக வேண்டியிருந்தது, துணி எடுக்கப் போக வேண்டியிருந்தது.

"காய்ச்சல் மாதிரி இருக்கும்மா" என்றாள் முகூர்த்தத்துக்கு முந்தின நாள்.

"மாத்திரை போட்டுக்க கண்ணு. நாளைக்கு ஒருநாள் சமாளிச்சுடு."

சமாளித்தாள். தாலி கட்டும்போது மணமேடையில் தங்கைக்குப் பின்னால் நின்றாள். போட்டோவில் சிரித்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிய பிறகு மண்டபத்துச் சாமான் அறைக்குள் போய்ச் சரிந்தாள். பெரியம்மாள் வந்து காலைக் கழற்றியபோது உறை சதையோடு ஒட்டியிருந்தது. அந்த நாற்றம் தாங்காமல் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

திருச்சி ஆஸ்பத்திரியில் முட்டியும் போனது. இந்த முறை தொடைக்குப் பாதியில் வெட்டினார்கள். சம்பந்தி வீட்டுக்கு டைபாய்டு என்று சொல்லியாகிவிட்டது. சுகன்யா ஒருமுறை வந்து, கட்டிலருகே நின்று அழுதுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனாள்.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஏஞ்சல் மேரி ஏலாக்குறிச்சிக்காரி. வேலை மிகுந்த, சிடுசிடுப்பான பெண். கட்டைப் பிரித்ததும் புவனேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொள்வதை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, அன்று பிரிக்காமல் கையை எடுத்துவிட்டாள்.

"வூட்டுக்குப் போனா யாரு பாப்பாங்க இதை? அம்மாவா?"

"அம்மா பாக்க மாட்டாங்க சிஸ்டர்."

"நீங்களும் பாக்க மாட்டீங்க. அப்புறம் யாருங்க பாப்பாங்க? எனக்கு இன்னும் எட்டு பெட் இருக்கு. திரும்புங்க இந்தப் பக்கம்."

நர்ஸ் கட்டைப் பிரித்ததும் புவனேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். தையல் போட்ட சிவந்த சதை. ஓரத்தில் வீக்கம். தன்னுடைய தொடை, தன்னுடைய மச்சம், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வாந்தி எடுத்தாள். நர்ஸ் கிண்ணத்தை நீட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள், கட்டைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மறுநாளும் புவனேஸ்வரி பார்த்தாள். அன்று வாந்தி வரவில்லை. அழுகை வந்தது. இத்தனை நாள் இதைக் குப்பையை மூடுவதுபோல மூடி வைத்து, அதன்மேலேயே ஏறி நின்று அழுகிப்போக வைத்தது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, தானே சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தாள். கண்ணுக்கு எட்டாத இடத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அருவருப்பு அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. ஆனாலும் அவள் விட்டுவிடவில்லை. புதுக் கால் வந்தபோது தோல் எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நேரம்தான் போட்டாள். மற்ற நேரமெல்லாம் ஊன்றுகட்டைகளை அக்குளில் கொடுத்துக்கொண்டு நடந்தாள். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கட்டைகளையே பார்த்தார்கள். சிலர் அதன்பிறகு வரவில்லை.

சுகன்யாவுக்குப் பெரம்பலூர் வீட்டிலேயே வளைகாப்பு வைத்தார்கள். அன்று புவனேஸ்வரியின் தொடையோரம் சிவந்திருந்தது.

"இன்னிக்கு மட்டும் காலை மாட்டிக்கடி" என்றாள் பெரியம்மாள். "இல்லன்னா பின்னாடி ரூம்லயே இரு. கதவைச் சாத்திக்க."

"ரெண்டும் முடியாதும்மா."

"உன் தங்கச்சி வாழ்க்கைடி!"

"தெரியும். என் உடம்பும் உடம்புதாம்மா."

கட்டைகளை ஊன்றிக் கூடத்துக்கு வந்து, தங்கை கையில் வளையல் போட்டாள். பரணிதரனின் அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னம்மா இது? எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே கால் இல்லைங்க. மறைச்சுட்டோம். தப்புதான்."

சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர்களில் பாதிப்பேர் சாப்பிடாமல் கிளம்பினார்கள். பிரசவத்துக்குத் தாய்வீட்டில் விட்டுப் போக வேண்டியவளைத் திரும்ப ஜெயங்கொண்டத்துக்கே கூட்டிப் போய்விட்டார்கள். பெரியம்மாள் மூத்த மகளோடு பேசுவதை நிறுத்தினாள். சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். புவனேஸ்வரி சில நாள் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். செய்தது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அழுத நாளிலும் காலைக் கழுவித் துடைத்தாள்.

பெண் குழந்தை பிறந்த செய்தி வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் சுகன்யா போன் செய்தாள். பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரல்.

"உன்மேல இன்னும் கோவம்தான்க்கா எனக்கு" என்றாள். பின்னால் குழந்தை சிணுங்கியது. "கால் எப்படி இருக்கு?"

புவனேஸ்வரி பாவாடையை விலக்கிப் பார்த்தாள்.

"ஒரு ஓரத்துல எரியுது. இன்னிக்குப் போட மாட்டேன்."

"சரி" என்றாள் சுகன்யா. போனை உடனே வைத்துவிடவில்லை.