குறைப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும்

மொட்டை மாடிகளுக்கெல்லாம் வெள்ளைப் பூச்சு அடிப்பது என்று அரசாங்கம் முடிவு செய்த நாளிலிருந்து எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பூமி சூடாகிக்கொண்டே போகிறதாம். மாடி வெள்ளையாக இருந்தால் வெயில் வந்த வழியே திரும்பிப் போய்விடும், வீடு குளிரும், ஏசி ஓடுவது குறையும், கரண்ட் பில் குறையும், பூமியும் கொஞ்சம் மூச்சு விடும். முதல் நாள் மேஸ்திரி இதை விளக்கியபோது நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம். ஒருவன் மட்டும் கூலி வாரக் கூலியா, மாதக் கூலியா என்று கேட்டான்.

வேலை கஷ்டமில்லை, வெயில்தான் கஷ்டம். மாடியைப் பெருக்கிக் கழுவி, விரிசலை அடைத்து, காய்ந்ததும் ரோலரால் இரண்டு கை அடிக்க வேண்டும். முதல் கை அடிக்கும்போது வெயில் மேலிருந்து மட்டும் அடிக்கும். இரண்டாவது கையில் கீழிருந்தும் அடிக்கும். முடித்துவிட்டு இறங்கினால் வீட்டுக்காரர்கள் இப்பவே குளிர்ச்சி தெரியுது என்பார்கள். அவர்கள் ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். நாங்களும் ஆமாம் என்போம்.

நாங்கள் குடியிருப்பதும் மாடியில்தான். கீழே ஒரு குடித்தனம், மேலே நாங்கள். ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. தலைக்கு மேல் கான்கிரீட், அதற்கு மேல் சூரியன், நடுவில் யாரும் இல்லை. என் மனைவி அந்த அறையில் உட்கார்ந்துதான் துணி தைக்கிறாள். போன கோடையில் ஒரு மத்தியானம் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கீழ்வீட்டு அக்காதான் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இந்த அக்காவுக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். நான் வேலையிலிருந்து வருவதற்குள் என் மனைவி மயங்கிய கதை தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தது.

இன்னொரு கோடையை இதே கூரைக்கு அடியில் தள்ளினால் அடுத்த தடவை எழுப்ப முடியுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேறு வீடு பார்க்கச் சொன்னார். பார்த்தோம். பார்த்ததோடு சரி, வாடகையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டோம்.

சுண்ணாம்பாவது அடித்துக்கொள்கிறேன் என்று வீட்டு ஓனரிடம் கேட்டேன். ஊர் மாடிக்கெல்லாம் நான்தானே அடிக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, அரசாங்கம் அடித்தால் ஒழுகாது என்று ஐந்து வருஷத்துக்கு எழுதித் தருகிறது, நீ அடித்தால் என்ன எழுதித் தருவாய் என்றார். என்னிடம் எழுதித் தர ஒன்றும் இல்லை. சரி, அரசாங்கமே அடிக்கட்டும் என்று கரண்ட் ஆபீசுக்குப் போனேன்.

ஆபீசில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருந்தார். மீட்டர் எண்ணைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"வீட்ல ஆள் இருக்கீங்களா?"

"இருக்கோம்மா. ரெண்டு பேரு."

"கரண்ட்டே செலவாகலியே. உங்களுக்கு எதைக் குறைக்கிறது?"

பிறகு பொறுமையாகவே சொன்னார். ஒவ்வொரு மாடியாலும் இத்தனை யூனிட் மிச்சம் என்று அவர்கள் மேலே கணக்குக் காட்ட வேண்டும். குறைப்பதற்கு ஏதாவது இருந்தால்தான் குறைக்க முடியும். அதனால் கடைசி மூன்று பில்லும் ஒரு அளவுக்கு மேல் இருக்கிற வீடுகளுக்கு மட்டும்தான் பூச்சு. எங்கள் பில் அந்த அளவில் கால்வாசிகூட இல்லை. அடுத்த கோடைக்குள் நான்கு பில் வந்துவிடும், முயற்சி செய்யுங்கள் என்றார். இருபது வருஷமாகச் சிக்கனமாக இருந்ததற்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். இவளுடைய சிக்கனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எழுவாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, கை வாய்க்கு வழி தெரியாதா என்று விளக்கை அணைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் கரண்ட்டை எரிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? நான் மென்று விழுங்கியதில் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"அதாவது, நாம வீணாக்குறவங்கன்னு காட்டினாத்தான் வீணாக்காம இருக்க உதவி பண்ணுவாங்க."

"ஆமா."

"யார் கண்டுபிடிச்சது இத?"

அரசாங்கம் என்றேன்.

இந்த இடத்தில் என் மச்சினன் உள்ளே வருகிறான். என் மனைவியின் தம்பி. வீடு மாற்றுகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறான். ஜனங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிற சாமானெல்லாம் அவன் வேனில்தான் கிடக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு வந்த உற்சாகம் அவன் கல்யாணத்தின்போதுகூட வரவில்லை. கவலையை விடுங்க மாமா, கரண்ட் குடிக்கிறதுக்குன்னே பிறந்த சாமானெல்லாம் என்கிட்ட இருக்கு என்றான். மறுநாளே ஒரு ஃப்ரிட்ஜைக் கயிறு கட்டி மேலே ஏற்றினான். கதவு சரியாக மூடாது, அதனால் நிற்காமல் ஓடும், நமக்கு அதுதான் வேண்டும் என்றான். பின்னாலேயே தண்ணீர் காய்ச்சுகிற ஹீட்டர் கம்பி ஒன்றும், பழைய காலத்துக் கனமான இஸ்திரிப் பெட்டிகள் இரண்டும் வந்தன.

எல்லாவற்றையும் போட்டுவிட்டோம். ஃப்ரிட்ஜுக்குள் வைக்க ஒன்றும் இல்லாததால் தண்ணீரை வைத்தோம். இஸ்திரிப் பெட்டிகளைச் செங்கல் மேல் நிறுத்தினோம். கீழே படிக்கட்டுக்கு அடியில் மீட்டர் சுற்றுவதை மச்சினன் குனிந்து பார்த்துவிட்டு வந்து, நல்லா ஓடுது என்றான், பந்தயக் குதிரையைப் பற்றிச் சொல்வது மாதிரி.

முதல் பில் வந்தபோதுதான் தெரிந்தது, ஓடவில்லை என்று. ஏதோ கொஞ்சம் ஏறியிருந்தது. நான் வேலைக்குக் கிளம்பியதும் இவள் ஒவ்வொன்றாக அணைத்துவிடுகிறாள், நான் திரும்புகிற நேரம் பார்த்துப் போட்டுவிடுகிறாள். அந்த பில் கணக்கில் சேராமல் போய்விட்டது. கோடைக்குள் இன்னும் மூன்றுதான் பாக்கி, ஒன்று தவறினாலும் முடிந்தது. நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவள் திருப்பிச் சத்தம் போடவில்லை.

"சும்மா எரியுறதப் பாத்துக்கிட்டு சும்மா உக்காந்திருக்க எனக்கு வரலீங்க. வயிறு எரியுது."

"உன் உசுருக்குத்தானே பண்றேன்."

"தெரியும். தெரிஞ்சும் வரல."

மூன்றாம் நாள் அவளே ஒரு வழி சொன்னாள். எரிந்துதான் ஆக வேண்டும் என்றால் யாருக்காவது உபயோகமாக எரியட்டும். கீழ்வீட்டு அக்காவின் துணியை வாங்கி வந்து தேய்த்தாள். மிக்ஸியையும் மேலே கொண்டு வந்து ஓட்டிக்கொள்ளும்படி அக்காவிடம் சொன்னாள். காசு வேண்டாம், நீங்கள் எரித்தால் எங்களுக்குத்தான் நல்லது என்றாள். ரேடியோ அக்காவிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அந்த வாரத்திலேயே படிக்கட்டில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. ஒருத்தர் துணி தேய்க்க, ஒருத்தர் போனுக்குச் சார்ஜ் ஏற்ற, ஒருத்தர் குளிர்ந்த தண்ணீர் குடிக்க. எதற்கும் வராதவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

இலவசம் என்றால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இவர்களுக்கு இதில் என்ன லாபம் என்று தெருவில் பேச்சு கிளம்பியதும், அவளும் துணிக்கு இவ்வளவு என்று ஏதோ வாங்க ஆரம்பித்தாள். அதன் பிறகு எல்லாரும் நிம்மதியாக வந்தார்கள். மச்சினன் ஒரு தகரப் பலகையில் இஸ்திரி, தையல், சார்ஜ் என்று எழுதி வாசலில் மாட்டினான். எதற்கடா இது என்றேன். இருக்கட்டும் மாமா, பாக்க கௌரவமா இருக்கு என்றான்.

அடுத்த பில் அளவைத் தாண்டியது. அதற்கடுத்ததும் தாண்டியது. துணி தேய்த்த காசு பில்லுக்கே சரியாகப் போயிற்று. இதே சமயத்தில் கீழ்வீட்டு பில் பாதியாக இறங்கியிருந்தது. துணி தேய்ப்பதும் அரைப்பதும் எங்கள் மீட்டரில்தானே. மின்சாரத்தைச் சேமித்து முன்மாதிரியாகத் திகழும் குடும்பம் என்று ரேடியோ அக்காவுக்கு ஆபீசிலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரமும், ஒரு எல்.இ.டி. பல்பும் வந்தன. பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

"எல்லாம் உன் புண்ணியந்தான்டி," என்றாள் என் மனைவியிடம்.

"பல்பக் குடுங்கக்கா. எங்க வீட்ல போட்டு எரிச்சுக்கிறேன்."

அது கரண்ட்டே குடிக்காது அக்கா, நமக்கு வேஸ்ட் என்று மச்சினன் தடுத்துவிட்டான்.

வெயில் ஏற ஆரம்பித்தது. கூரைச் சூட்டோடு பெட்டிச் சூடும் சேர்ந்து அறை அடுப்புக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் நான் வந்தபோது மனைவி பெட்டியைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, போதும், எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இவ்வளவு எரிச்சாச்சு. இப்ப நிறுத்தினா எரிச்சதெல்லாம் வீணாப் போயிடும்."

வீணாகப் போவதை மட்டும் அவளால் தாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இன்னொரு சொம்புத் தண்ணீரை மொண்டு அவளிடம் கொடுத்தேன்.

மூன்றாவது பில்லுக்குப் பதில் மீட்டர் பரிசோதகர் வந்தார். கால்வாசியாக இருந்த பில் திடீரென்று ஊதியதால் பார்த்துவிட்டு வரச் சொன்னார்களாம். முதலில் வாசல் பலகையைப் படித்தார். உள்ளே வந்து, வரிசையாக மாட்டியிருந்த போன்களையும், மடித்து அடுக்கியிருந்த துணிகளையும் பார்த்தார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தோம். இரண்டு முறை வாங்கிக் குடித்தார். இது வீடா, கடையா என்று கேட்டார். வீடுதான் என்றேன். வீட்டுக்கு யார் பலகை மாட்டுவார்கள் என்றார்.

என் மனைவிக்குப் பொய் வராது. கரண்ட் செலவாக வேண்டும் என்பதற்காகத்தான் இதெல்லாம் என்று ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கரண்ட்டத் திருடுறவங்களப் பாத்திருக்கேம்மா. வேணும்னே எரிக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கண்ணால் பார்த்ததைத்தான் அவர் எழுத வேண்டும். கடை இணைப்பு என்று மாற்றி எழுதிவிட்டுப் போனார். கடை என்றால் யூனிட்டுக்கு விலை அதிகம். கடை என்றால் வீட்டுத் திட்டத்தில் வெள்ளைப் பூச்சும் கிடையாது. மச்சினன் பலகையைக் கழற்றி வேனில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேருமாக ஆபீசுக்குப் போனோம். ஜன்னல் அம்மா என்னை மறக்கவில்லை. பில்லெல்லாம் நல்லா ஏத்திட்டீங்களே என்றார், பாராட்டுகிற மாதிரி. பிறகு தட்டிப் பார்த்துவிட்டு, கடைக்குப் பூச்சு இல்லையே என்றார். மறுபடியும் வீடாக மாற்றலாம், மாற்றினால் மூன்று பில் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். அதாவது மழைக்காலத்தில் வந்து வெள்ளை அடிப்பார்கள். நான் திரும்பக் காலெடுத்தேன். மனைவி நகரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். ஜன்னல் அம்மாவுக்கும் அவளை அப்படியே விட மனசில்லை போலிருக்கிறது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சிறு தொழில் செய்கிறவர்களுக்கு மாடியில் சோலார் தகடு வைத்துத் தருகிறார்களாம். கையிலிருந்து போட வேண்டாம், பில்லில் மிச்சமாவதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். வாரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

தகடு எங்களுக்கு எதற்கு, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி கையை அழுத்தினாள்.

"அத வெச்சா நெழல் விழுமா?"

"என்னம்மா?"

"தகடு கால் ஊனி மாடிக்கு மேல நிக்கும்ல. அதுக்குக் கீழ நெழல் விழுமான்னு கேக்குறேன்."

ஜன்னல் அம்மா தாளின் இரண்டு பக்கமும் தேடினார். யூனிட் போட்டிருக்கிறது, வருஷம் போட்டிருக்கிறது, நிழலைப் பற்றி எதுவும் போடவில்லை என்றார். பக்கத்து மேசைக்காரர், வெயிலில் எதை வைத்தாலும் நிழல் விழத்தானே செய்யும் என்றார்.

"அப்ப எழுதிக்கோங்க," என்றாள்.

வீட்டு ஓனர், அரசாங்கம் எழுதித் தருகிறது என்று தெரிந்ததும் கையெழுத்துப் போட்டார். தகடு வந்தால் வீட்டுக்கு மதிப்பு கூடும், வாடகையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கோடை முடியட்டும், பேசிக்கொள்ளலாம்.

மாட்ட வந்த ஆட்கள் மொட்டை மாடியில் ஒரு இடத்தைக் குறித்தார்கள். மனைவி என்னை அறைக்குள் அனுப்பி, மிஷினுக்கு நேர் மேலே துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கச் சொன்னாள். நான் இடிக்க இடிக்க, அவள் மேலே நின்று சத்தம் வந்த இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். இங்கே வையுங்கள் என்றாள். வெயில் எங்கே நன்றாக விழுகிறதோ அங்கேதான் வைக்க முடியும் என்றார் அந்த ஆள்.

"இங்கதான் விழுது. இத்தனை வருஷமா என் தலையில விழுது, எனக்குத் தெரியாதா?"

அவர் ஏதோ ஒரு கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தார். சரி என்று அங்கேயே மாட்டினார்.

தகடு பாதி அறைக்குத்தான் காணும். வாசல் பக்கத்தில் பழைய சூடு, மிஷின் பக்கத்தில் வேறு காற்று. நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும். ஃப்ரிட்ஜையும் பெட்டிகளையும் சூட்டுப் பக்கம் தள்ளினோம். பாயை நிழல் பக்கம் போட்டோம்.

உச்சி வெயிலில் வெளிவேலை செய்யக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருந்த ஒரு மத்தியானம், மேஸ்திரி எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால், இவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கிட்டே போய் நின்றேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. மூக்கு நுனியில் வியர்வைகூட இல்லை. நான் வாசல் படியில் வந்து உட்கார்ந்தேன்.

துணி வாங்க ஒருவர் படியேறி வந்தார். அப்புறம் வாருங்கள் என்றேன். கடைன்னா தொறந்திருக்கணும்ல என்றார்.

"கடைக்காரம்மா தூங்குறாங்க," என்றேன்.