தோல் மண்டி மாடித் தீர்ப்பு

சாட்சி இல்லாமல் தண்டனை கொடுக்கிறார்கள் என்று பதினைந்து வருடமாக வாய் கிழியப் பேசிய மனிதர் ஜெகபர் அலி. டிவியில் கார் பந்தயம் ஓடும்போது சிவப்பு காருக்கு ஐந்து விநாடி அபராதம் என்று திரையில் எழுத்து ஓடிவிட்டால் போதும், பேகம்பூரில் அவருடைய தோல் மண்டி மாடியே அதிரும். "எவன்டா பாத்தான்? கோட்டத் தாண்டுனத எந்தக் கேமரா காட்டுச்சு? ஆரஞ்சுக்காரன் தாண்டுனா மட்டும் கண்ணு அவிஞ்சு போகுமா ஒங்களுக்கு?" என்று எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் நடுவர்களைத் திண்டுக்கல்லிலிருந்து வைவார். கீழே உப்புப் போட்டு அடுக்கியிருக்கும் ஆட்டுத்தோல்களுக்குக்கூட அந்த நடுவர்களின் யோக்கியதை அத்துபடி.

பந்தய ஞாயிறுகளில் பதினொரு பேர் அந்த மாடியில் கூடுவார்கள். ஃபார்முலா ஒன் கார் ஒன்றைக்கூட நேரில் பார்த்திராத பதினொரு பேர். அதில் ஆறு பேர் சிவப்பு அணி, ஐந்து பேர் ஆரஞ்சு அணி. ஆரஞ்சுக்கு மூத்த ஆள் நாச்சிமுத்து; சாணார்பட்டிப் பக்கம் தக்காளியும் கனகாம்பரமும் போடுகிற விவசாயி. ஜெகபர் அலியும் அவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, ஒருவர் கல்யாணத்தில் ஒருவர் பந்தி விசாரித்தவர்கள். எல்லாரையும் மெதுவாகப் போக வைக்கும் சேஃப்டி கார் வந்திருக்கும்போது ஒருவன் முந்தியது சரியா தப்பா என்று ஒரு முறை எட்டு நாள் சண்டை போட்டார்கள். ஒன்பதாம் நாள் யார் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய், பக்கம் மாறி நின்று கத்தினார்கள்.

இந்தச் சண்டைகளை ஒழுங்குபடுத்தத்தான் ஜெகபர் அலி சொந்தமாக ஒரு போட்டி வைத்தார். எந்தக் கார் எந்தச் சுற்றில் டயர் மாற்ற பிட்டுக்குள் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னபடி வந்தால் ஒரு புள்ளி. குரூப்பில் போட்டால் ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் எழுதுவான் என்பதால் நேரே அவருடைய எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அவரே நடுவர், அவரே சட்டப் புத்தகம், அப்பீலும் அவரிடமே. அவரும் ஆட்டத்தில் உண்டு என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பரிசு என்று ஒன்றும் கிடையாது; ஜெயித்தவன் அடுத்த வருடம் முழுக்க மற்றவர்களைக் கேலி பேசலாம், எவனும் எதிர்த்து வாய் திறக்கக் கூடாது. அந்த மாடியில் அதைவிடப் பெரிய பரிசு யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த வருடம் நாச்சிமுத்து இரண்டு கறவை மாடு வாங்கினார். சாயங்காலப் பால் பீய்ச்சியாக வேண்டும் என்பதால் டவுனுக்கு வருவது நின்றுபோனது. வீட்டிலேயே போனில் பார்த்து, சுற்று எண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். "செவப்பு 20" என்று வரும். இருபதாவது சுற்றில் சிவப்பு கார் சொல்லி வைத்தாற்போல் பிட்டுக்குள் நுழையும். போன வருடம் ஐந்து புள்ளி வாங்கவே தண்ணி குடித்த ஆள், இந்த வருடம் முப்பத்தொன்று.

ஜெகபர் அலிக்குப் பொறுக்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. நாச்சிமுத்துவின் எண் எப்போதும் கடைசி நேரத்தில்தான் வந்து விழும். அது வந்து அரை நிமிடம் ஆவதற்குள் கார் உள்ளே வந்துவிடும். கிரிக்கெட் பார்க்கும்போது நம் டிவியில் பந்து போடுவதற்கு முன்பே பக்கத்து வீட்டில் விசில் அடிப்பார்களே, அந்தக் கதைதான் இது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நாச்சிமுத்துவின் போனில் பந்தயம் முந்தி ஓடுகிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறான். இன்னும் மூன்று பந்தயம் பாக்கி இருக்கையில் குரூப்பில் தீர்ப்பு வந்தது. நாச்சிமுத்துவின் முப்பத்தொரு புள்ளியும் ரத்து.

"நான் அப்பிடிப் பண்ணல ஜெகபரு" என்று ஒரே ஒரு வரி எழுதினார் நாச்சிமுத்து. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பத்துப் பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்த இரண்டு பந்தயங்களில் ஜெகபர் அலிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டவே இல்லை. ராத்திரி போன் போட்டு, "பாத்தியாடா ஒன் ஆளு லட்சணத்த?" என்று கேட்க ஆள் இல்லை. போன் போடலாம்தான். ஆனால் போட்டால் தீர்ப்பு என்ன ஆவது? அவன் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லட்டும், மறுநாளே சேர்த்துக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே பெருந்தன்மை காட்டிக்கொண்டார். கூட்டாளியும் வேண்டும், தீர்ப்பும் நிற்க வேண்டும். மனுஷனுக்கு ஆசை அப்படி.

கடைசிப் பந்தயம் வந்தது. சிவப்பா ஆரஞ்சா, யார் முன்னால் முடிக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருடத்துக் கோப்பை. பாதிப் பந்தயத்திலேயே சிவப்பு காருக்கு ஐந்து விநாடி அபராதம் விழுந்தது. ஜெகபர் அலி துள்ளி எழுந்து, "சாட்சி இல்லாம தண்டனையா? இது என்னடா நியாயம்?" என்று கத்தினார்.

"நாச்சி அண்ணனுக்கு மட்டும் சாட்சி இருந்துச்சா பாய்?" என்றான் பழனிக்குமார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் ஆரஞ்சு ஆள் அவன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

ஜெகபர் அலி வண்டிச் சாவியை எடுத்தார். "சாட்சிதான வேணும்? இந்தா நேர்ல போறேன். டிவில நடக்கறத நீ போன்ல சொல்லிக்கிட்டே இரு. அவன் போன்ல அது முந்தி வருதா இல்லையான்னு என் கண்ணால பாத்துச் சொல்றேன்."

சாணார்பட்டி ரோட்டில் அவர் வண்டி பறந்தது. காதில் ஹெட்செட், அதில் பழனிக்குமார்.

நாச்சிமுத்து பாலை சொசைட்டிக்கு அனுப்பிவிட்டு மாட்டுக் கொட்டத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். போனைத் தவிட்டு மூட்டையில் சாய்த்து வைத்திருந்தார். முன்னால் ஒரு காலண்டர் தாள். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை விநாடி என்று பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தார்.

"வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு! காப்பி போடுறேன்" என்று அவர் மனைவி ராமுத்தாய் அடுப்படிக்குப் போனாள். நாச்சிமுத்து திரும்பவில்லை. காலால் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு, "ஒக்காரு. பதினாலு லேப் இருக்கு" என்றார்.

கொஞ்ச நேரம் போனது. நாச்சிமுத்து தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "செவப்பு டயரு செத்துப்போச்சு. நாப்பத்தாறுல உள்ள வருவான்" என்று முணுமுணுத்தார். யாருக்கும் அனுப்பவில்லை, மாட்டிடம் சொன்னதுபோல் சொன்னார்.

அதே சமயம் ஹெட்செட்டில் பழனிக்குமார், "பாய், செவப்பு உள்ள வந்துருச்சு! நாப்பத்தாறாவது லேப்பு!" என்றான்.

ஜெகபர் அலி திரையைக் குனிந்து பார்த்தார். அங்கே நாற்பத்தைந்தாவது சுற்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு கார் நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தது. "போனு நின்னு நின்னு ஓடுதா நாச்சி?" என்று கேட்டார்.

"யாரோ அனுப்புன லிங்க்கு. இந்தக் காட்டுல டவர் இம்புட்டுதான். நின்னு, சுத்தி, பெறகு ஓடும்."

ஜெகபர் அலி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சரியாக ஒன்றரை நிமிடம் கழித்து, நாச்சிமுத்துவின் போனில் சிவப்பு கார் பிட்டுக்குள் வந்தது. நாச்சிமுத்து பென்சிலால் தாளில் ஒரு டிக் போட்டார்.

முந்தி ஓடவில்லை, முழுசாக ஒரு சுற்று பிந்தி ஓடுகிறது. பிந்திப் பார்க்கிறவன் எப்படிப் பார்த்துவிட்டுச் சொல்ல முடியும்? ஒரு சுற்றுக்கும் மேல் முன்னாலேயே கணித்து அனுப்பியதுதான் கடைசி நேரத்தில் வந்து விழுந்ததுபோல் தெரிந்திருக்கிறது. முப்பத்தொரு புள்ளியும் அவன் மூளை சம்பாதித்தது. ஜெகபர் அலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஊர் பேர் தெரியாத நடுவர்களாவது கேமராவைப் பார்த்துவிட்டுத் தண்டனை கொடுத்தார்கள். இவர் அதைக்கூடச் செய்யவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதான். அடுத்த சுற்றில் சொல்லலாம், இந்த வளைவு தாண்டட்டும் என்று ஒவ்வொரு சுற்றாகத் தள்ளிப்போட்டார். நாச்சிமுத்துவோ எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்து சுற்று, மூன்று சுற்று. ஆரஞ்சு கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"போச்சு பாய்." ஹெட்செட்டில் பழனிக்குமாரின் குரல் உடைந்து வந்தது. "கடைசி வளைவுல ஆரஞ்சு சுத்திக்கிட்டுப் போயி சொவத்துல அடிச்சிருச்சு. கப்பு ஒங்களுக்குத்தான் பாய்." பின்னால் ஐந்து சிவப்புத் தொண்டைகள் மாடியைப் பிளந்துகொண்டிருந்தன. ஜெகபர் அலி ஹெட்செட்டைக் கழற்றிக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

எத்தனை வருடமாகக் கேட்கக் காத்திருந்த செய்தி. ஒரு துளி சந்தோஷம் வரவில்லை.

"ராமுத்தாயி! ஓடியா, ஓடியா, கடேசிச் சுத்து!" நாச்சிமுத்து எழுந்தே நின்றுவிட்டார். திரையில் ஆரஞ்சு கார் இரண்டு விநாடி முன்னால்.

இன்னும் ஒன்றரை நிமிடத்தில் இவன் தோற்றுப்போவான். அதற்கப்புறம் மன்னிப்புக் கேட்டால், தோற்றவனுக்குச் சொல்கிற ஆறுதல் என்றுதான் எடுத்துக்கொள்வான். ஜெகபர் அலி எழுந்து அவர் கையைப் பிடித்தார். "நாச்சி, நான் சொன்ன தீர்ப்பு தப்புடா. ஒன் போனு ஒன்ற நிமிசம் பின்னால ஓடுது. நீ பாத்துட்டுச் சொல்லல, பாத்துட்டுச் சொல்லவே ஏலாது. நாந்தான் விசாரிக்காம ஒம்மேல பழி போட்டேன். குரூப்புல எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன். என்னய மன்னிச்சிரு."

நாச்சிமுத்து அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நீ அப்பிடி நெனச்சிட்டியேன்னுதான்டா இருந்துச்சு. புள்ளி கெடக்குது கழுத" என்று சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஜெகபர் அலியின் மூடிய கையிலிருந்து தொங்கிய வயரைப் பார்த்தார்.

"ஒன்ற நிமிசம் பின்னாலயா?"

"ஆமாடா."

"அப்ப அங்க முடிஞ்சிருச்சு."

பதினைந்து வருடமாக வாய் மூடாத ஜெகபர் அலி தலையைக் குனிந்துகொண்டார். கோப்பை ஜெயித்த சிவப்பு ஆள் ஒருவன் இப்படித் தலை குனிந்து நிற்பதை நாச்சிமுத்து பார்த்து முடிவைப் புரிந்துகொண்டார்.

ராமுத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "யாருங்க முன்னாடி?"

"நம்மாளுதான் தாயி" என்று நாச்சிமுத்து அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். "நம்மாளுதான் முன்னாடி. வா, வந்து பாரு."