பத்தரை மணி ஜீப்

வட்டவடையிலிருந்து மூணாறுக்குக் காய் ஏற்றிப் போகும் ஜீப் தினமும் பத்தரை மணிக்கு எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைத் தாண்டும். ஓட்டுவது லோகேஷ். மலைச்சரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் சிவசங்கரி அவனுடைய கூடப்பிறந்த தங்கை. எஸ்டேட் தொழிலாளி வேல்முருகனைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். அதிலிருந்து ஆறு வருஷமாக ஜீப் ஒருநாளும் அவளுக்காக நின்றதில்லை. ஹாரன் கேட்டால் அவள் கை வேலை செய்யாது. அண்ணன் முகத்தை ஒருதரம் பக்கத்தில் பார்த்துவிட்டால் போதும் என்று ஏங்குவாள்.

கூத்து என்னவென்றால், அந்த ஜீப்பில் போகும் கேரட்டும் பீன்ஸும் மூணாறு கடையில் இரண்டு நாள் வதங்கிவிட்டு, விலையும் ஏறி, லயத்துக்குத் திரும்பி வரும். யார் வாங்குவது? சோறும் கருவாடும்தான், பிள்ளைகளுக்கு பிஸ்கட். அங்கன்வாடியில் சோதித்துப் பார்த்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு ரத்தம் குறைவு. சிவசங்கரியின் மகளும் அதில் ஒருத்தி.

கிராமசபையில் பெண்கள் விடவில்லை. புதன்கிழமைதோறும் காய் ஜீப் லயத்து வாசலில் நின்று வட்டவடை விலைக்கே விற்க வேண்டும் என்று பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. மூன்று வாரம் சோதனை. நல்ல மனசுதான். ஆனால் பத்தரை மணிக்கு லயத்தில் நாய்களைத் தவிர யார் இருப்பார்கள் என்று ஒரு புண்ணியவானும் யோசிக்கவில்லை. இரண்டு புதன் ஜீப் நின்றது, காய் அப்படியே போனது.

பஞ்சாயத்து மெம்பர் ஆனந்தி கையை விரித்தார். "ஆளே வரலேன்னா அடுத்த வாரத்தோட நிறுத்திருவாங்க, சங்கரி."

இத்தனை வருஷம் கழித்து நிற்கிற வண்டி, தான் மலைமேல் இருக்கும்போதே நின்றுவிட்டுப் போய்விடுமா? சிவசங்கரி நேரே எஸ்டேட் சூப்பர்வைசர் குருசாமியிடம் போனாள்.

"அண்ணாச்சி, பத்தரைக்கு நாங்க எல்லாரும் கொழுந்து நிறுக்க ரோட்டு வளைவுக்குத்தான வாறோம். ஜீப்பு அங்கன நின்னா என்ன?"

குருசாமி தலையைச் சொறிந்தார். "நிறுவை பிந்தப்படாது. அப்பன்னா நிக்கட்டும்."

மூன்றாவது புதன், ஆனந்தி சொல்லி ஜீப் ரோட்டு வளைவில் நின்றது. கொழுந்தை எடை போட்ட கையோடு பெண்கள் ஜீப்பை மொய்த்தார்கள். காலியான கொழுந்துச் சாக்கிலேயே கேரட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். வாங்குகிறவர் விவரத்தை லோகேஷ் பஞ்சாயத்துத் தாளில் எழுதியாக வேண்டும். சிவசங்கரி எல்லாருக்கும் வழிவிட்டுக் கடைசியில் நின்றாள். ஆசை எவ்வளவோ அவ்வளவு பயம்.

அவன் நிமிரவில்லை. "பேரு?"

கூடப்பிறந்தவனிடமே பேர் சொல்லும்படி ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டே சொன்னாள். "சிவசங்கரி."

"வீட்ல எத்தன பேரு?"

"மூணு."

"அஞ்சு வயசுக்குக் கீழ?"

"ஒருத்தி. நாலு வயசு."

எழுதினான். காயை எடை போட்டுச் சாக்கில் போட்டான். தாளில் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. பேனாவை மூடியவன் மறுபடி திறந்தான்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"

"சாந்தம்மா," என்றாள். "நம்ம அம்மா பேருதான்ணே."

அதற்குத் தாளில் கட்டம் இல்லை. லோகேஷ் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.