அறுக்காமல் விட்ட அரைஞாண்

...அவர்தான் சொன்னாரே, அந்த மனிதரே வாய் திறந்து சொன்னாரே, கேட்டால் அதையே சொல்லிவிட வேண்டியதுதான் என்று சுகன்யா மூன்றாவது முறையாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். மேசை நடுவில் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது, யாரும் தொடவில்லை, பெரிய டாக்டர் நித்யஸ்ரீ மேடம் கூட்டம் போட்டால் முறுக்கைக் கடிக்கிற சத்தம்கூடக் குற்றமாகத்தான் கேட்கும். பலத்த அடியோடு கேஸ் எது வந்தாலும் மறுநாள் மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்து அவரவர் கை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், டாக்டரிலிருந்து நர்ஸ் வரை, அது மேடம் போட்ட சட்டம். யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை என்றுதான் ஆரம்பிப்பார்... அப்படியென்றால் இந்த ஒத்திகை எதற்கு?

நேற்று வந்தவர் முருகானந்தம், முப்பத்தெட்டு வயசு, ரிக் வண்டியில் வேலை, போர்வெல் போடுகிற இடத்தில் இரும்புக் குழாய் சரிந்து மார்பு, இடுப்பு, தொடை என்று ஒரே நேரத்தில் மூன்று இடம் நொறுங்கிவிட்டது. ஆளுக்கொரு வேலை, ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடக் கூடாது. மேடம் கால்மாட்டில் நின்று எதையும் தொடாமல் எல்லோரையும் நடத்துவார், தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் இளவழகன், சுவரோரம் எது எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுத கிருத்திகா, எக்ஸ்ரேவுக்குக் கதிர். நர்ஸ் சுகன்யாவுக்குக் கத்தரிக்கோல், உடம்பில் ஒரு நூல் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும், எங்கே அடி ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். சட்டையை அறுத்தாள், பனியனை அறுத்தாள், கடைசியாகப் பேண்டை. இடுப்பில் கறுப்புக் கயிறு, அதில் கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளித் தாயத்து. கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அதெ மட்டும் அறுத்துப்போடாதீங்க சாமி... காதில் விழுந்ததே, நன்றாக விழுந்ததே. ஆம்பளை அரைஞாணை உயிர் போன பிறகுதான் அறுப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எட்டாவது படிக்கும்போது இளம்பிள்ளை வீட்டில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள், தறிகளெல்லாம் நின்றுபோயிருந்தன, பெரியப்பா கத்தரிக்கோலோடு குனிந்தார், அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கதறினாள், என்ன கதறினாள்... ஞாபகமில்லை, அது எதற்கு இப்போது. அதற்குள் மேடம் கட்டுங்க என்றார், பெட்ஷீட்டை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கினார்கள், விலகிய எலும்பை அதுதான் சேர்த்துப் பிடித்து ரத்தத்தை நிறுத்தும், கயிறும் தாயத்தும் உள்ளேயே போய்விட்டன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. படத்தில் எலும்பு தெரிய வேண்டிய இடத்தில் தாயத்து வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. கட்டை அவிழ்த்து, தாயத்தை எடுத்து, மறுபடி கட்டி, மறுபடி படம்... நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் பிரஷர் மடமடவென்று இறங்கி மானிட்டர் கத்திய கத்தல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. உயிர் இருக்கிறது, கண் திறக்கவில்லை, சிறுநீர் சரியாக இறங்கவில்லை. வெளியே அவர் மனைவி டிபன் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், யாருக்காம் அந்தச் சோறு?

"படம் ஏன் ரெண்டு தடவ?" மேடம் கதிரைத்தான் கேட்டார். கதிர் எழுந்தே நின்றுவிட்டான், போன மாதமே ஒரு படம் மங்கியதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவன், இன்னொன்று என்றால் வேலை போய்விடும். "தாயத்து இருந்துச்சுங்க மேடம். எடுக்கறக்கு முன்னால தடவிப் பாத்திருக்கோணுங்க. என்ற தப்புங்க." பாவி, இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைக்கிறான்... சுகன்யாவின் வாய் தானாகத் திறந்தது.

"அவரு தப்பில்லீங்க மேடம். நான் பாத்தனுங்க. பாத்துட்டுத்தான் உட்டேன்."

ஏன் சுகன்யா என்றார் மேடம், கோபமே இல்லாமல், அதுதான் தாங்க முடியவில்லை. பதில்தான் தயாராக இருக்கிறதே. "அவரே சொன்னாருங்க, அறுக்க வேண்டாம்னு..." கிருத்திகா தன் தாளைப் பார்த்தாள், தயங்கினாள். "பன்னெண்டு நாலுக்கே வாயில கொழாய் எறக்கியாச்சேக்கா. நீங்க பேண்ட அறுத்தது பன்னெண்டு ஆறுக்கு." அவள் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை, எழுதியிருந்ததைச் சொன்னாள். மயக்க மருந்து ஏற்றி, தொண்டையில் குழாய் இறக்கின மனிதர் எப்படிப் பேசுவார்? அப்படியானால் அந்தக் குரல்... பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்த அம்மாவின் கை, கண்ணாடி வளையல் அழுத்திச் சிவந்திருந்த கை, அதெ மட்டும் அறுத்துப்போடாதீங்க சாமி. பதினெட்டு வருஷமாக ஞாபகமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, எழுத்து மாறாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள், மேடம் காத்திருந்தார்.

"அவரு சொல்லலீங்க மேடம்" என்றாள் சுகன்யா. பின்னே யார் சொன்னது என்று கேட்டுவிடக் கூடாதே என்றிருந்தது, யாராவது கேட்டுவிட்டால் தேவலை என்றும் இருந்தது.