ஊசி நின்ற இடம்

தண்ணீரைக் கண்டால் பயப்படும் நீச்சல் வாத்தியாரை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? தையல்காரியின் வீட்டில் நான்கு மாதமாக அப்படி ஒருவர் இருந்தார். வேறு யார், அவள் புருஷன்தான். இருபது வருஷம் நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து 'தவளை வாத்தியார்' என்று பேர் வாங்கிய மனுஷன், இப்போது தண்ணீர் இடுப்பைத் தாண்டினாலே "மூச்சு முட்டுது" என்று கரையேறிவிடுகிறார். மேனேஜர் அவரை டிக்கெட் கூண்டில் உட்காரவைத்துவிட்டார். அங்கே வருகிற வாண்டுகள்கூட, "சார், டிக்கெட் கிழிக்கறப்ப மூழ்கிடாதீங்க" என்று கிண்டல் செய்தன.

முதலில் வலது தோளில் பத்து நாள் உயிர் போகிற வலி. வலி விட்டதும் ஆரம்பித்தது இந்தக் கூத்து. குனிந்து செருப்பு மாட்டினால் இரைப்பு. மல்லாந்து படுத்தால் முழி பிதுங்குகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். அவள் பயந்துபோய் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர்கள் விலாவில் ஓர் ஊசியைச் செருகி, தசை வேலை செய்கிற சத்தத்தை மெஷினில் கேட்டுப் பார்த்துவிட்டு, 'மூச்சுத் தசை நன்றாக வேலை செய்கிறது, மனக்கவலையாக இருக்கலாம்' என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அந்த ஒரு வரி போதாதா? அன்றிலிருந்து அவள் வாய்க்குப் பூட்டே இல்லை. "ஒடம்புல ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. டிமிக்கி குடுக்க வேற வழி பாருங்க." மேனேஜர் நடிப்பு என்றார். கூட வேலை பார்த்தவர் அதை ஊரெல்லாம் சொன்னார். அவளுடைய தம்பி, "மச்சானுக்கு சினிமால ஒரு சான்ஸ் வாங்கிக் குடுக்கலாம்" என்றான். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் ஒரே குழப்பம். நடிக்கிறவன் இப்படியா கன்னம் ஒட்டிப்போவான்? நடிக்காதவன் என்றால் காகிதம் பொய் சொல்லுமா? எது தலை, எது வால் என்றே புரியவில்லை.

"இன்னொரு எடத்துல ஒரே ஒரு தடவ பாத்துரலாம்" என்று அவர்தான் கேட்டார். "பாக்கலாம். ஆனா அங்கயும் ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா நாளைக்கே ஆழப் பக்கத்துல எறங்கணும். நான் கரையில நின்னு பாப்பேன்" என்றாள். அவர் "சரி" என்றார்.

அப்படித்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பரிசோதனை அறையில் அவரைப் பாதி சாய்த்து உட்காரவைத்து, வலது பக்கம் சட்டையை விலக்கி, அக்குளுக்குக் கீழே அடி விலாக்களின் நடுவே ஜெல்லைத் தடவினாள் ஸ்கேன் நர்ஸ்.

"ஐயோ, சில்லுனு இருக்கே" என்று நெளிந்தார் வாத்தியார்.

"குளத்துத் தண்ணிய விடவா?" என்றாள் இவள். பழக்கதோஷம், வாய் நின்றால்தானே!

கையில் ஊசியோடு நின்ற டாக்டரம்மா அவளை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரையைக் காட்டினார். "மேல இருக்கற பட்டை, ரெண்டு விலாவுக்கு நடுவுல இருக்கற தசை. அதுக்கு அடியில ரெண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவுல மெல்லிசா கறுப்பா ஓடுது பாருங்க, அதான் மூச்ச இழுக்கற பெரிய தசை. அதுக்கும் கீழ ஈரல். நுரையீரல் இந்தப் பக்கமா பளபளன்னு எறங்கி வரும். அது வர்ற நேரத்துல நான் ஊசிய அசைக்க மாட்டேன்."

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். சாம்பலைக் கொட்டிக் கலைத்த மாதிரி இருந்தது. எது தசை, எது ஈரல், ஒரு மண்ணும் விளங்கவில்லை. என்ன வேண்டிக்கொள்வது என்றும் விளங்கவில்லை. நோய் இல்லை என்று வந்தால் இத்தனை நாளும் ஏமாற்றிய புருஷன். நோய் என்று வந்தால்?

ஊசி உள்ளே போனது. திரையில் மெல்லிய வெள்ளைக் கீறலாகத் தெரிந்தது.

"மூச்ச இழுங்க."

இழுத்தார். மெஷினிலிருந்து தகரக் கூரையில் மழை விழுவதுபோல் சடசடவென்று ஒரு சத்தம். விட்டார், நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி சடசட.

அவள் துள்ளி எழுந்துவிட்டாள். "இதேதான்! அங்கயும் இதே சத்தம்தான் கேட்டுச்சு, நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். இப்ப என்ன சொல்றீங்க? நல்லா வேலை செய்யுதா இல்லையா?"

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது. அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி. நாளைக்கு எறங்கறேன்" என்றார்.

"யாரும் எங்கயும் எறங்க வேணாம்!" என்று அதட்டினார் டாக்டரம்மா. "உக்காருங்கம்மா. ஊசி இன்னும் மேல் தசையிலதான் நிக்குது."

நர்ஸ் கருவியை இம்மி அசையாமல் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் கீறல் மெதுவாக இறங்கி, கறுப்புக் கோட்டுக்குள் நுழைந்து நின்றது. மழை ஓய்ந்துவிட்டது.

"இழுங்க. இன்னும் பலமா. மூக்கால சட்டுனு உறிஞ்சுங்க."

அவர் கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். சடசட இல்லை. 'டிக், டிக்' என்று சின்னதாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. இழுத்தாலும் அதே டிக், விட்டாலும் அதே டிக்.

"மெஷின் கெட்டுப்போச்சா?" என்றாள் அவள்.

டாக்டரம்மா ஊசியைத் துளி பின்னால் இழுத்தார். மழை. துளி முன்னால் தள்ளினார். டிக், டிக். "மூணே மூணு மில்லிமீட்டர்" என்றாள் நர்ஸ்.

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். பிறகு அவளுடைய தொழில் புத்திக்கு அது பட்டென்று எட்டியது. "அடக் கடவுளே! மேல்துணிய மட்டும் பிடிச்சுட்டு உள்துணிய விட்டுட்டாங்களா?"

"அதேதான். ஸ்கேன்ல பாக்காம குத்தினா, எந்தத் தசையில நிக்கறோம்னு கைதான் சொல்லணும். கை சில நேரம் ஏமாத்திடும். அவங்க கேட்ட சத்தம் நெஜம். தசைதான் வேற."

"அப்ப இந்த டிக் டிக்?"

"நரம்போட தொடர்பு விட்டுப்போச்சு. அந்தத் தோள் வலி வந்தப்பவே நரம்பு அடிபட்டிருக்கணும். தசை தானா துடிச்சுக்கிட்டு இருக்கு. மூச்சுக்கு ஒதவாது."

"இது நல்ல சேதியா, கெட்ட சேதியா டாக்டர்?"

"கெட்ட சேதிதாம்மா. நரம்பு திரும்ப வளர ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகலாம். வளராமலும் போகலாம். அதுவரைக்கும் படுத்துத் தூங்க மூச்சு மெஷின் வேணும். தண்ணி நெஞ்சுக்கு மேல வந்தா அது அமுக்கும், இவரால இழுக்க முடியாது. ஆழப் பக்கத்துல எறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல வேணாம்."

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வாத்தியார்தான்! தசை போச்சு, நீச்சல் போச்சு என்று கேட்டுவிட்டு எந்த மனுஷனாவது சிரிப்பானா? இவர் சிரித்தார்.

"ஐயா, சிரிக்காதீங்க, ஊசி உள்ள இருக்கு!" என்று கத்தினாள் நர்ஸ்.

"நான் நடிக்கல" என்றார் அவர். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "கேட்டுச்சா? நான் நடிக்கல."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? கரையில் நின்று பார்ப்பேன் என்று சொன்னது அவள்தானே!

வெளியே கவுண்டரில் ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். வாத்தியார் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல நாலு காப்பி போட்டுக் குடுங்க" என்றார்.

"நாலு எதுக்கு?" என்றாள் அவள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரல் தணிந்திருந்தது.

"மேனேஜருக்கு ஒண்ணு. ஊரெல்லாம் சொன்னானே, அவனுக்கு ஒண்ணு. ஒன் தம்பிக்கு ஒண்ணு."

"மூணுதானே ஆச்சு."

அவர், வந்த காப்பிகளில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

"நான்தான் பக்கத்துலயே இருந்தேனே. என் ரெண்டு காதாலயும் கேட்டேனே" என்றாள்.

"இருக்கட்டும், வெச்சுக்கோ" என்றார் அவர். "அடுத்த தடவ எனக்கு மூச்சு முட்டறப்ப எடுத்துப் பாத்துக்கோ."