நான் பெயர்த்தெடுத்த கல்

கல் மூட்டையை ஓடைக்குள்ளேயே மறந்துவிட்டு மேலே ஏறி வந்தவள் நான். எடுத்துவரப் போனது என் அக்கா புருஷன் லியோகாதியோ.

"மூணு வருஷமா கல்லு பொறுக்குற. ஒரு நாளாவது குழம்புக்கு ஆகுற மாதிரி எதையாவது பொறுக்கிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டபடியே சுற்றுவழியில் இறங்கிப் போனார். கல்லைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே அந்த மனுஷருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

என்ரிக்கியோ ஏரிக்கரையில் இந்த ஓடை பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். இரண்டு பக்கமும் நான்கு ஆள் உயரச் சுவர். சுவர் முழுக்கச் செத்துக் கல்லான பவளம். ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் நின்றது. கடலின் குணம் மாற மாற அதில் குடியிருந்த பவளமும் மாறியது. அதை அடுக்கடுக்காகக் குறித்துவைப்பதுதான் என் வேலை.

கரையில் கட்டியிருந்த கழுதை திடீரென்று காதை நிமிர்த்தியது. தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் தெற்கே மலை உச்சி கருத்திருந்தது. பிறகு எனக்கும் கேட்டது, லாரி லாரியாகக் கல் கொட்டுவது போல.

"மச்சான்! வெள்ளம்!"

கீழே மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். வந்த வழியே ஓட நேரமில்லை. சுவரில் தாவினார். பிடித்த பவளக் கிளை கையோடு வந்துவிட்டது.

"அதத் தொடாதீங்க! கடல் மளமளன்னு ஏறுனப்ப அவசரத்துல வளந்த கிளை, ஒடஞ்சிடும். வலது பக்கம் பெரிய குண்டுப் பவளம் இருக்கு பாருங்க, அதுல கால வைங்க!"

"இப்பவும் பாடமாடி நடத்துற?"

"ஏறுங்க!"

செம்மண் தண்ணீர் மரத்தையும் முள்ளையும் புரட்டிக்கொண்டு வளைவில் திரும்பியது. அவர் ஏறினார்.

"அடுத்தது தட்டுத் தட்டா இருக்கும். சேத்துத் தண்ணியில வெளிச்சத்துக்காகப் பரந்தது. ஓரத்த மிதிக்காதீங்க. சுவரோட ஒட்டுன இடத்துல மிதிங்க."

சொன்னபடியே மிதித்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டார்.

"இப்ப இடது கைய நீட்டுங்க. பப்பாளி தண்டிக்கு ஒரு கல்லு. அசையாது."

கை துழாவியது. "இல்லடி! கல்லே இல்ல!"

காலையில் உளியும் சுத்தியலுமாக அதைப் பெயர்த்தெடுத்தவள் நானேதான். அது இப்போது அவர் தோளில், மூட்டைக்குள் இருந்தது.

"பொந்து இருக்கும் மச்சான்! அதுக்குள்ள கைய விடுங்க. மூட்டையக் கீழ போடுங்க!"

"உன் மூணு வருஷம்டி..."

"போட்டுத் தொலைங்க! அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மூட்டை விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. முழங்கை வரை பொந்தில் நுழைத்துக்கொண்டு தொங்கினார். வெள்ளம் அவர் செருப்பை உருவிக்கொண்டு போயிற்று.

கழுதைக் கயிற்றை அவிழ்த்து முள்மரத்தில் சுற்றி வீசினேன். பொந்து வரைக்கும்தான் எட்டியது, அதற்குக் கீழே ஒரு சாண்கூட இல்லை.

"மேல இருக்கிறது பவளம் இல்ல, கடல் புழு கட்டுன வெறும் கூடு. கடல் அடைபட்டு உப்பேறுனப்புறம் வந்தது. மரவள்ளி ரொட்டி மாதிரி நொறுங்கும். கயித்த மட்டும் புடிங்க!"

இழுத்தேன். புழுக்கூடு பொலபொலவென்று அவர் தலையில் கொட்டியது. கரையில் வந்து விழுந்தவரின் தோளில் நான் மாறி மாறி அடித்தேன், ஓவென்று அழுதேன். எனக்கு வெட்கமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இடது கையை விரித்துப் பார்த்தார். பொந்தின் சுவரை இறுக்கிப் பிடித்ததில் தோல் உரிந்து, உள்ளங்கை முழுக்கப் பவளக் குழிகளின் அச்சு சின்னச் சின்ன நட்சத்திரங்களாகப் பதிந்திருந்தது.

"இது எது?"

"நான் பெயர்த்த கல்லோட மிச்சம். கிளையெல்லாம் செத்தப்புறம், சேறு கொஞ்சம் தெளிஞ்சதும் வந்து உக்காந்தது."

அவர் கொட்டாவி விடவில்லை. என் சட்டைப் பையில் இருந்த நோட்டை உருவி என் மடியில் போட்டுவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"மூட்டதான் போச்சு. இத வரஞ்சுக்க, ஆறுறதுக்குள்ள."