வியாழக்கிழமை யார் வீட்டில் இருப்பது

சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமை. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதனாலதான் கிளம்பறேன்."

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தார். சட்டையில் பழுப்பாக ஒரு முக்கோணம். அதற்கும் சேர்த்து அவளைத்தான் முறைத்தார்.

அந்த வீட்டில் வியாழக்கிழமை என்றால் என்ன என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மாமியாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி இரண்டு மாதம். பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்க முடியாது. பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வருகிறாள். வியாழக்கிழமை மட்டும் அவளுக்கு வேறு வீடு. அன்றைக்கு யார் இருப்பது என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? மகன் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். அவர் ஒரு நாள் போகாவிட்டால் அலுவலகம் இடிந்து விழுந்துவிடும் என்பது அவர் எண்ணம். போன வருடம் அவர் காய்ச்சலில் படுத்த பத்து நாளும் அது எப்படியோ நின்றுகொண்டுதான் இருந்தது. மருமகளோ ஏதோ ஆராய்ச்சி செய்கிறவள். வியாழனுக்கு மட்டும் இன்னொரு ஆளைத் தேடலாமே என்று அவள் ஒருமுறை சொன்னதற்கு, நீ இருக்கும்போது வெளியாள் எதற்கு, ஆராய்ச்சி எங்கே ஓடிவிடப் போகிறது என்று கேட்டார்.

ஓடித்தான் போகிறது. அதுதான் சிக்கல்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதில் தெருவுக்கு நெடுநாள் குழப்பம். பையை மாட்டிக்கொண்டு காலையில் போகிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள், ஆகவே டீச்சரம்மா என்று முடிவு கட்டியிருந்தோம். தையற்காரர் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் நேரிலேயே கேட்டாள். மருமகளும் வெளியில் போகிற அவசரத்தை விட்டுவிட்டு நின்று சொன்னாள். உடம்பில் இருக்கிற செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்துதான் பெருகுகின்றன. நேரம் வருகிறவரை பிரியாதே என்று பிடித்து வைக்கிற புரதம் ஒன்று உண்டு, வாசலில் நிற்கிற காவல்காரன் மாதிரி. நேரம் வந்ததும் செல்லே அந்தக் காவல்காரனை ஒழித்துக்கட்டிவிட்டுப் பிரிகிறது. ஒழித்துக்கட்டு என்கிற உத்தரவு யாரிடமிருந்து வருகிறது? அதைத்தான் அவள் தேடுகிறாள். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு குட்டிப் புரதத்தின் மேல் அவளுக்குச் சந்தேகம். தையற்காரர் மனைவி எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டுவிட்டு, "அப்போ டியூஷன் எடுக்கறதில்லையா?" என்றாள்.

இந்தச் சோதனைக்கு முதல் நாளே மருந்து ஊற்றி எல்லாச் செல்களையும் ஒரே கட்டத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். மறுநாள் காலை மருந்தைக் கழுவிவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். அவை பிரிவதைப் பெரிய நுண்ணோக்கியின் கீழே வைத்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த நுண்ணோக்கிக்கு ஆளாளுக்கு ஒரு நாள் முறை. அவளுக்கு விழுந்தது வியாழக்கிழமை. கழுவுகிற நேரம் தப்பினால் நிறுத்தி வைத்த செல்கள் செத்துப்போகும். "ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு வந்துடேன்" என்று மேலாளர் யோசனை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு புதன்கிழமையும் எப்படியாவது போய்விடலாம் என்று நம்பிச் செல்களை நிறுத்தி வைப்பாள். வியாழக்கிழமை மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமை போய்ச் செத்ததைக் கொட்டுவாள். இப்படி நான்கு வாரம்.

ஆய்வகத்துப் பேராசிரியர் நல்லவர். இரக்கப்படுவார், அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார். வீடுதான் முதல் என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அதே மூச்சில், இந்த மாதத்துக்குள் ஒன்றும் காட்டாவிட்டால் அவளுடைய வியாழக்கிழமையும் அந்த ஆராய்ச்சியும் இன்னொரு இளைஞனுக்குப் போகும் என்றும் சொல்லியிருந்தார். அந்த இளைஞனை ஆய்வகத்தில் முந்திரிக்கொட்டை என்பார்கள். அவள் மேசைக்கு ஜன்னல் வெளிச்சம் நன்றாக வருகிறது என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டான்.

இதையெல்லாம் அவள் கணவரிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. அன்று மறுபடி சொல்லவில்லை. மாத்திரை எங்கே இருக்கிறது, அத்தை நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், சோறு எந்தப் பாத்திரத்தில் என்று மட்டும் சொன்னாள். அவரோ, பெற்ற தாய் என்றார், கடமை என்றார், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார்.

"உங்க அம்மாதானே. இன்னிக்கு நீங்க இருங்க."

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "சண்டையை அப்புறம் போடுங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் வாங்க, பாத்ரூம் போகணும்."

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தபோது, கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. தீய்ந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று ஆய்வகத்து இருட்டறையில் செல்கள் பச்சைப் பச்சையாக மின்னின; காவல்காரப் புரதத்துக்கு அவள் ஏற்றி வைத்த வெளிச்சம் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்த செல் இடுப்பை இறுக்கிக்கொண்டு இரண்டானது. குட்டிப் புரதத்தை எடுத்துவிட்ட செல்களைப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அவற்றில் பச்சை அப்படியே நின்றது. காவல்காரனை ஒழித்துக்கட்டச் சொல்லும் உத்தரவு வரவேயில்லை. அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். முந்திரிக்கொட்டை தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "நான் அப்பவே நெனச்சேன் மேடம்" என்றான். பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். அழகாக வந்திருக்கிறது, இன்னும் இரண்டு முறை இப்படியே வந்தால் உன் வியாழக்கிழமையில் யாரும் கை வைக்க முடியாது என்றார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது வாசலில் செருப்புக் கூட்டம். கூடத்து மேசையில் பழங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடு நாற்காலியில் அமர்ந்து, தாய்க்காக லீவு போட்ட பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை களைத்த முகத்தோடு அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அன்று செய்தது இவ்வளவுதான்: மாத்திரை கொடுத்தார், அம்மாவை இரண்டு முறை நடத்தினார், பாலைத் தீயவிட்டுப் பாத்திரத்தை அவளுக்காகத் தொட்டியில் ஊறப்போட்டிருந்தார்.

"நீ குடுத்து வச்சவம்மா" என்றாள் தையற்காரர் மனைவி.

மாமியார் மட்டும் கட்டிலில் இருந்தபடி, போன காரியம் ஆயிற்றா என்று கேட்டாள்.

"ஆச்சு அத்தை. ஆனா ஒரு தடவை வந்தா நம்பமாட்டாங்க. மூணு தடவை அதே மாதிரி வரணும்." கணவர் பக்கம் திரும்பினாள். "அடுத்த வியாழனும், அதுக்கடுத்த வியாழனும் நீங்கதான்."

அத்தனை பேர் எதிரில் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தலைமையாசிரியர் வேறு கை தட்டிவிட்டார்.

அடுத்த வியாழன் தலைமையாசிரியர் மட்டும் வந்தார், வெறுங்கையோடு. சீக்கிரமே போய்விட்டார். தெருவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருந்தது. பெண்டாட்டி ஆட்டுகிறாள், இவர் ஆடுகிறார் என்று காய்கறிக் கடையில் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வியாழன், இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவைத்துக் காத்திருந்தார். ஈ காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் அம்மாவின் புடவையைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் போன தையற்காரர் மனைவி நின்றாள். குரலைத் தாழ்த்தி, உண்மையான கவலையோடு கேட்டாள்.

"என்ன தம்பி, வேலை போயிடுச்சா?"

புடவை பாதியில் தொங்கியது. விறுவிறுவென்று உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தவர், அன்று பொழுது சாய்வதற்குள் வியாழக்கிழமைக்கென்று தனியாக ஓர் ஆயாவைப் பிடித்துவிட்டார். இரண்டு மாதமாகத் தேவைப்படாத ஆள்.

மருமகள் மூன்றாம் முறையும் அதே மாதிரி விழுந்த நுண்ணோக்கிப் படத்தோடு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் ஆரம்பித்தார்.

"ஆள் பாத்தாச்சு. இனிமே என்னால முடியாது. எனக்கு வேலை போயிடுச்சான்னு தெருவே கேக்குது."

அவள் செருப்பை ஓரமாக வைத்தாள்.

"நான் எத்தனையோ வியாழன் இருந்தேன். என்னை ஒருத்தரும் அப்படிக் கேக்கல. வேலைன்னு ஒண்ணு இருக்குன்னு நெனச்சாத்தானே, போயிடுச்சான்னு கேக்கத் தோணும்."